நாலு நாள் மாத்திரையும் ஒரு உறைக்கிணறும்: தங்கச்சிமடம் பக்கத்து மலேரியா கேஸ் ஒண்ணு

ஒரே வாசல்ல நடந்த கேஸ் இது, ஜூன்ல ஆரம்பிச்சு செப்டம்பர்ல வெடிச்சுச்சு. யாரும் சாகல, பேப்பர்ல வரல, மொத்தமே ரெண்டு பேருக்குத்தான் காச்சல். ஆனாலும் நான் ஹெல்த் இன்ஸ்பெக்டரா இருந்த காலத்துல என்னையப் போட்டுக் குடைஞ்ச கேஸ்னா இதுதான், ஏன்னா இதுல பாதித் தப்பு என்னோடது. ஊர் பேரு ஆளு பேரு சொல்லப் போறதில்ல, ராமேஸ்வரம் தீவுல தங்கச்சிமடத்துக்கும் பாம்பனுக்கும் நடுவுல ஒரு மீனவக் குடியிருப்புன்னு வச்சுக்கங்க. மணல் தரை, தென்னை, நாலு வீட்டுக்கு ஒரு உறைக்கிணறு, அதுல பத்துப் பன்னெண்டு அடியிலயே தண்ணி.

பையனுக்கு 24 வயசு, விசைப்படகுல கூலிக்குப் போறவன். கிழக்குக் கரைல ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், போட்டெல்லாம் கரைல கட்டிக் கெடக்கும், கையில காசு இருக்காது. மேற்குக் கரைல தடை ஜூன் 1-ல தான் ஆரம்பிக்கும். நடுவுல அந்த ஒண்ணரை மாசம் இருக்கு பாருங்க, அந்த இடைவெளில தான் நம்ம பசங்க கூட்டமா ரயில் ஏறி மங்களூர் பக்கம் போயி அங்கிட்டு இருக்குற போட்டுல வேலை பாத்துட்டு மே கடைசில திரும்புவாய்ங்க. மங்களூர் ரொம்ப வருசமா மலேரியா உள்ள டவுன், கட்டட வேலை நடக்குற எடத்துல தேங்குற தண்ணி, மொட்டமாடித் தொட்டின்னு கொசுவுக்கு அங்க நல்ல வாழ்வு. பசங்க ராத்திரி துறைமுகத்துல போட்டு மேல்தட்டுலயே துண்டை விரிச்சுப் படுத்துருவாய்ங்க. கொசுவலையா, அதெல்லாம் யாரு கொண்டு போறது.

ஜூன் முதல் வாரம் ஊருக்கு வந்தான். 15-ஆம் தேதி தடை முடிஞ்சு கடலுக்குப் போக ஆரம்பிச்சாய்ங்க, ரெண்டாவது தடவை போயிட்டு வந்தப்பவே ஒடம்பு முறுக்குதுன்னு படுத்துட்டான். மொத ரெண்டு நாள் சாதாக் காச்சல் மாதிரி விடாம அடிச்சுருக்கு, அப்பறம் தான் முறை வச்சு வர ஆரம்பிச்சுச்சு. இத நல்லா கவனிங்க, மலேரியான்னா ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் வரும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா ஆரம்பத்துல அப்படி முறையெல்லாம் வராது, முறை வரட்டும்னு காத்துக் கெடந்தா அதுக்குள்ள ஒரு வாரம் ஓடிரும். இவன் விசயத்துல அப்படித்தான் ஆச்சு. மருந்துக் கடைல ஊசி போட்டாக, ரத்தம் பாத்து டைஃபாய்டுன்னு சொன்னாக, மாத்திரை குடுத்தாக. அவுக அம்மா ஒரு பக்கம் நெலவேம்புக் கசாயம் போட்டுக் குடுத்துருக்கு. ஆறாம் நாள் அந்த அம்மாவே கையப் புடிச்சு எங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டி வந்துச்சு.

"மதியம் ரெண்டு மணியானா மணி அடிச்ச மாதிரி வந்துருது சார். போர்வை போத்தி, அதுக்கு மேல பாயைப் போட்டு, நானும் மேல ஏறிப் படுத்துக்கிட்டேன், என்னையும் சேத்து தூக்கித் தூக்கிப் போடுது" அப்படின்னு அந்த அம்மா சொன்னது இன்னும் காதுல இருக்கு. குளிர் முடிஞ்சு சூடு, சூடு முடிஞ்சு வேர்வை, வேர்வை முடிஞ்சதும் ஒண்ணுமே இல்லாத மாதிரி எந்திரிச்சு உக்காந்து கஞ்சி கேப்பானாம்.

விரல்ல குத்தி ஸ்லைடு எடுத்தோம். ஒரே கண்ணாடித் துண்டுல ஒரு பக்கம் கெட்டியா ஒரு பொட்டு, பக்கத்துல நாக்கு மாதிரி மெல்லிசா இழுத்த ஒரு தடவல். கெட்டிப் பொட்டுல கிருமி இருக்கா இல்லையான்னு தேடணும், மெல்லிசுல அது எந்த வகைன்னு பாக்கணும். லேப் அக்கா பாத்துட்டு விவாக்ஸ்னு சொன்னாக. விவாக்ஸும் ஃபால்சிபாரமும் மலேரியாக் கிருமில ரெண்டு வகை. ஃபால்சிபாரமா இருந்துருந்தா கதையே வேற. அது மூளைக்கும் கிட்னிக்கும் போயி ரெண்டு மூணு நாள்லயே ஆளைக் காலி பண்ணக்கூடியது, காச்சலோட புத்தி தடுமாறுனாலோ, வலிப்பு வந்தாலோ, கண்ணு மஞ்சளாகி ஒண்ணுக்கு கம்மியானாலோ வீட்ல வச்சு அழகு பாக்கக் கூடாது. அதனால தான் காச்சல்னா மொதல்ல ஸ்லைடு இல்லன்னா ஒடனே முடிவு சொல்ற ரேப்பிட் கிட்டு, அப்பறம் தான் மத்ததுன்னு தொண்டை கிழிய சொல்றது.

விவாக்ஸுக்கு ரெண்டு மருந்து. குளோரோகுயின் மூணு நாள், பெரியவுகளுக்கு 4, 4, 2 மாத்திரை. அதோட பிரைமாகுயின் 14 நாள், தெனம் 15 மில்லிகிராம். மொத மருந்து ரத்தத்துல சுத்துற கிருமியக் கொல்லும், காச்சல் ரெண்டு மூணு நாள்ல அடங்கிரும். ஆனா விவாக்ஸுக்கு ஒரு கெட்ட புத்தி இருக்கு, கொசு கடிச்சு உள்ள போன கிருமி மொதல்ல ஈரலுக்குத்தான் போகும், அதுல ஒரு பங்கு ரத்தத்துக்கு வராம ஈரல்லயே தூங்கிரும். வாரக்கணக்கா, மாசக்கணக்கா. அந்தத் தூங்குறத குளோரோகுயின் தொடாது, டைஃபாய்டு ஊசி தொடாது, கசாயமும் தொடாது. அதக் கொல்லத்தான் அந்த 14 நாள் மாத்திரை. ஆக ஒருத்தன் காச்சல் விட்டு நல்லா நடமாடுற நாள்ல தான் அந்த மாத்திரையோட பாதி வேலையே நடக்குது, நல்லா இருக்குறவனுக்கு மாத்திரை எதுக்குன்னு தோணத்தான் செய்யும்.

நான் என்ன பண்ணேன்னா, மாத்திரைப் பட்டையக் கையில குடுத்து "தம்பி 14 நாளும் விடாமப் போடணும்"னு ஒருக்கா சொன்னேன், அவன் "சரிண்ணே"ன்னான். மூணாம் நாள் வீட்டுக்குப் போனேன், காச்சல் இல்ல, சிரிச்சுக்கிட்டு இருந்தான். 14-ஆம் நாள் போகல. அந்த வாரம் வேற வேலை, டெங்கு மீட்டிங்கு, ரிப்போர்ட்டு. ரிஜிஸ்டர்ல 'சிகிச்சை முடிந்தது'ன்னு எழுதி மூடிட்டேன். இந்த ஒரு வரியத்தான் பாதித் தப்புன்னு மேல சொன்னேன்.

ஆகஸ்டு மூணாவது வாரம் திரும்பக் காச்சல். இந்தத் தடவை அவன் எங்ககிட்ட வரவே இல்ல. அவனுக்குத் தெரிஞ்சு போச்சு இது அதே குளிர் தான்னு, வீட்ல மீதி இருந்த மாத்திரைய ரெண்டு நாள் போட்டுப் பாத்துருக்கான், காச்சல் மாத்திரையும் வாங்கிப் போட்டுருக்கான், வர்றதும் போறதுமா பத்துப் பன்னெண்டு நாள் ஓட்டிருக்கான். கரண்டு இல்லாத ராத்திரில உள்ள படுக்க முடியாதுன்னு வாசல்ல, கிணத்தடிக்குப் பக்கத்துல வலைக் குமியல் மேல படுத்துருக்கான். இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது.

செப்டம்பர் மூணாவது வாரம் பக்கத்து வீட்டு ஆறு வயசுப் பாப்பாவுக்குக் குளிர்காச்சல். ஸ்லைடு எடுத்தோம், விவாக்ஸ். எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. அந்தப் பாப்பா பொறந்ததுல இருந்து பாம்பன் பாலத்தையே தாண்டுனதில்ல, அதோட அப்பா அம்மாவும் அந்த வருசம் வெளியூர் எங்கயும் போகல. அப்ப கிருமி இந்த வாசல்லயே தான் எடுத்துருக்கணும்.

வீட்டுத் திண்ணைலயே உக்காந்து விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். கொசு கடிச்சு காச்சல் வர சுமாரா ரெண்டு வாரம். அதுக்கு முன்னாடி, ஒரு நோயாளிகிட்ட ரத்தம் குடிச்ச கொசுவுக்குள்ள கிருமி வளந்து அடுத்த ஆளுக்குக் குடுக்குற பதத்துக்கு வர நம்ம ஊர் சூட்டுக்கு ஒரு பத்து நாள் போல ஆகும். ரெண்டையும் கூட்டி பின்னாடி போனா ஆகஸ்டு மூணாவது, நாலாவது வாரம். அந்த நேரத்துல இந்தச் சுத்துவட்டாரத்துல யாருக்குக் காச்சல்னு கேட்டப்போ தான் அந்தப் பையனோட அம்மா, சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டு, "நம்ம பயலுக்குத்தான் சார், சொல்லக் கூடாதுன்னுட்டான்" அப்படின்னுச்சு.

பையன் கடலுக்குப் போயிருந்தான், மறுநா காலைல தான் கரை. நான் போட்டு வந்து நிக்கிற ஜெட்டிக்கே (படகுத்துறைக்கே) போயி நின்னேன். திட்டுறதுக்குத்தான் போனேன், உண்மையச் சொல்றேன். ஆனா அவன் சொன்னதக் கேட்ட பெறகு திட்ட வாய் வரல.

"அண்ணே, நாலு நாள் போட்டேன். அஞ்சாம் நாள் கடல். விடியக்காலம் கடலுக்குப் போற அனுமதி டோக்கன் வாங்கி ஓடணும், வெறும் வயித்துல அந்த மாத்திரையப் போட்டுட்டு ஏறுனேன், டீசல் நாத்தம் வேற, வயித்தப் பெரட்டி கொடல் வெளிய வர்ற மாதிரி வாந்தி. வலை இழுக்க முடியல. டிரைவர் அண்ணே, ஒடம்புக்கு முடியலன்னா எறங்கிக்க, வேற ஆளப் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாரு. காச்சல் தான் இல்லையே, எதுக்கு வேலையக் கெடுத்துக்கிட்டுன்னு விட்டுட்டேன்."

பிரைமாகுயின் வெறும் வயித்துல போட்டா வயித்த வலிக்கும், கொமட்டும், இது எல்லா டாக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாப்ட்டுட்டுப் போடுன்னு நான் சொன்னேனான்னு கேட்டா, சொல்லிருப்பேன்னு நெனைக்கிறேன், அவ்வளவு தான். நீ என்னைக்கெல்லாம் கடலுக்குப் போவ, எத்தன மணிக்கு மொத சாப்பாடுன்னு மட்டும் கண்டிப்பா கேக்கல. கூலிக்காரன் ஒருநாள் படுத்தா ஒருநாள் பங்கு போச்சு, ரெண்டுநாள் படுத்தா எடமே போச்சு. அவனப் பாத்து 'படிக்காத பய, சொன்னா கேக்க மாட்டான்'னு எழுதுறது ரொம்ப ஈசி, பாதி கேஸ் ரிப்போர்ட்டு அப்படித்தான் இருக்கு.

இனி கிணத்துக்கு வருவோம். கொசு எங்க இருந்துச்சு?

அந்த வாசல்ல எல்லாரும் ஒரே குரல்ல சொன்னது "எங்க வீட்ல சாக்கடையே இல்லையே சார், எப்படி மலேரியா வரும்". இது நம்ம ஊர்ல ரொம்ப ஆழமா வேர் விட்ட நெனப்பு. சாக்கடைத் தண்ணில வளர்றது கியூலெக்ஸ், அது யானைக்கால் குடுக்குற சாதி. மலேரியாக் கொசு அனாபிலிஸ், அதுலயும் டவுன்லயும் நம்ம தீவுலயும் வம்பு பண்ற அனாபிலிஸ் ஸ்டீபன்சிக்கு நல்ல தண்ணி தான் வேணும், நீங்க குடிக்கிற தண்ணி, கிணறு, சிமெண்டுத் தொட்டி, மொட்டமாடி சின்டெக்ஸ். காவேரிக் கூட்டுக் குடிநீர் குழாய்ல நெனச்ச நேரத்துக்கு வர்றதில்ல, அதனால வீட்டுக்கு வீடு தொட்டியும் டிரம்மும் ரொப்பி வச்சுருக்கோம், சுத்தமா இருக்குற வீட்லயே தான் கொசுப் புழு கெடக்கும்.

கிணத்துல புழு பாக்குறதுக்கு ஒரு பக்குவம் இருக்கு. மேல குனிஞ்சு எட்டிப் பாத்தா நம்ம நெழல் பட்டதும் புழு முங்கிரும். வெயில் பக்கம் நின்னு ஒரு சின்னக் கண்ணாடிய வச்சு வெளிச்சத்தத் திருப்பி உள்ள அடிக்கணும், மூணு நாலு நிமிசம் சத்தமில்லாம நிக்கணும், அப்பறம் வாளியச் சாய்ச்சு உறை ஓரமா மேல்தண்ணிய மட்டும் வழிச்சு அள்ளணும். அள்ளி வெள்ளைத் தட்டுல ஊத்துனேன். மொதல்ல தென்னம்பூத் தூசியும் ஒரு சிலந்தியும் தான் தெரிஞ்சுச்சு. தண்ணி அசைவு நின்னதும் ஓரத்துல மெல்லிசா பென்சில் கோடு கிழிச்ச மாதிரி ஒண்ணு, ரெண்டு, அஞ்சு. தண்ணியோட மட்டமா படுத்துக் கெடந்துச்சு. டெங்குக் கொசுப் புழுவும் சாக்கடைப் புழுவும் வால்ல ஒரு குழாய வச்சு மூச்சு விட்டுக்கிட்டு தலைகீழாத் தொங்கும், அனாபிலிஸுக்கு அந்தக் குழாய் கெடையாது, அதனால தான் படுத்தாப்ல மெதக்கும். தட்டை விரலால லேசா தட்டுனா பின்னாடியே வெடுக்குனு நகரும். பாப்பாவோட அப்பா என் தோளுக்கு மேல எட்டிப் பாத்துட்டு "இதையா சார் நாங்க குடிச்சுக்கிட்டு இருக்கோம்"னு கேட்டாரு. குடிச்சதால ஒண்ணும் இல்லண்ணே, வளந்து வெளிய பறந்தது தான் கடிச்சுச்சுன்னு சொன்னேன்.

பூச்சியியல் ஆளுங்க வந்து புழுவைக் கொண்டு போயி கொசுவா வளத்துப் பாத்து ஸ்டீபன்சி தான்னு உறுதியாச் சொன்னாங்க. இந்தக் கொசு தான் அந்தப் பயலக் கடிச்சு அந்தப் பாப்பாவையும் கடிச்சுச்சுன்னு கோர்ட்ல நிரூபிக்க முடியாது. ஆனா தேதி பொருந்துது, கிருமி வகை பொருந்துது, கிணறு ரெண்டு வீட்டுக்கும் பொது. ரிப்போர்ட்ல பையனோட ஜூன் காச்சல் வெளிய இருந்து வந்தது, ஆகஸ்டு காச்சல் பழசு திரும்புனது, பாப்பாவோடது இங்கயே பரவுனதுன்னு மூணு விதமாப் பதிஞ்சோம். அப்படிப் பிரிச்சு எழுதுறது சும்மா காயிதத்துக்காக இல்ல, மூணுக்கும் செய்ய வேண்டிய வேலை வேற வேற. மொதலுக்கு வெளியூர் போயிட்டு வர்றவுகளப் பிடிச்சு ஸ்லைடு எடுக்கணும், ரெண்டாவதுக்கு மாத்திரை முடிக்க வைக்கணும், மூணாவதுக்கு கிணத்த மூடணும்.

சீனாக்காரங்க 1-3-7னு ஒரு முறை வச்சு வேலை பாத்தாங்க, கேஸ் தெரிஞ்ச 1 நாளைக்குள்ள தகவல், 3 நாளைக்குள்ள விசாரணை, 7 நாளைக்குள்ள அந்த எடத்துல நடவடிக்கை. 2021-ல அவங்களுக்கு மலேரியா இல்லாத நாடுன்னு சான்று கெடச்சுச்சு. நாங்க பாப்பா விசயத்துல அந்தக் கணக்குக்குள்ள வந்துட்டோம். பையன் விசயத்துல ஜூன்லயே கோட்டை விட்டாச்சு.

சுத்தி இருக்குற வீடெல்லாம் காச்சல் கேட்டு, சந்தேகம் இருந்தவுகளுக்கெல்லாம் ஸ்லைடு எடுத்தோம், வேற யாருக்கும் இல்ல. ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணு ரொம்பப் பயந்து போயி எனக்கும் அந்த மாத்திரை குடுங்க சார்னு வந்துச்சு. பிரைமாகுயின் புள்ளத்தாச்சிக்கும் கைக்குழந்தைக்கும் குடுக்கவே கூடாது. அதோட ஜி6பிடினு ரத்த அணுவுல இருக்குற ஒரு நொதி (என்சைம்) சிலருக்குப் பொறப்புலயே கொறச்சலா இருக்கும், அவுகளுக்கு இந்த மாத்திரை ரத்த அணுவையே ஒடச்சுரும். அதனால பக்கத்து வீட்டுக்காரருக்குக் குடுத்தத நானும் வாங்கிப் போட்டுக்கிறேன்ங்கற பழக்கம் ரொம்ப ஆபத்து. மாத்திரை போடுறப்போ ஒண்ணுக்கு கட்டங்காப்பி நெறத்துல போச்சுன்னா, கண்ணு மஞ்சளாச்சுன்னா, மூச்சு வாங்குச்சுன்னா அன்னைக்கே நிப்பாட்டிட்டு ஓடி வரணும். பையனுக்கும் பாப்பாவுக்கும் இந்தத் தடவை ஜி6பிடி பாத்துட்டுத்தான் ஆரம்பிச்சோம், ரெண்டு பேருக்கும் நார்மல். பாப்பாவுக்கு எடைக் கணக்குல மாத்திரை, வெல்லத்துல பொதிஞ்சு குடுத்தாக, அது சமத்தா முடிச்சுருச்சு.

கிணத்த மூடுற கதை தான் பெரிய கூத்து. எல்லாக் கிணத்துக்கும் மூடி போடுங்கன்னு சொல்லிட்டு ஒரு வாரம் கழிச்சுப் போனா, "போட்டாச்சு சார்"னு பெருமையா காட்டுனாக. பழைய மீன்வலைய ரெண்டு மடிப்பா மடிச்சு உறை மேல இழுத்துக் கட்டிருக்காக! மத்தி கூட நுழைஞ்சு போற கண்ணி, கொசுவுக்கு ராஜபாட்டை. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, ஆனா யோசிச்சா எந்த வலைன்னு நான் சொல்லலையே, மீனவன்கிட்ட வலை போட்டு மூடுன்னா அவன் எத எடுப்பான். அப்பறம் ஜன்னலுக்கு அடிக்கிற நைலான் கொசுவலைய வாங்கி, கம்பில வளையம் பண்ணி, நடுவுல வாளி எறங்க ஒரு கதவு வச்சு, சுத்தி சைக்கிள் டியூப்பை இழுத்து மாட்டுனோம். பழைய மீன்வலையையும் கழட்ட வேணாம்னு அதுக்கு மேலயே விட்டுட்டோம், தென்னங்காய் விழுந்து நைலான் கிழியாம அது தாங்கிக்கிருச்சு.

கிணத்துல புழுவத் திங்குற கம்பூசியா மீன் விடலாம்னு சொன்னப்போ கெழவி ஒண்ணு சண்டைக்கு வந்துருச்சு. "கடல்ல பொழைக்கிறவுக வீட்டுக்கு மீனு கொண்டு வாரியாக்கும், அது பேண்டு மோளுற தண்ணிய எம்பேத்தி குடிக்கணுமா"ன்னு. எங்களுக்கு நியாயமாத்தான் பட்டுச்சு. அந்த மீனும் சும்மா இல்ல, 1928-ல இத்தாலில இருந்து நம்ம நாட்டுக்குக் கொண்டு வந்தது, புழுவத் திங்கும் சரி, ஆனா கம்மாய் குளத்துல போயி விழுந்தா நம்ம ஊர்ச் சின்ன மீனு, தவளைக் குஞ்சு எல்லாத்தையும் தின்னு தீத்துரும். அதனால பொழங்காத ஒரு கிணத்துல மட்டும் விட்டோம். இன்னொரு பாழுங்கிணத்துல தெர்மாகோல் மணிய மூட்டையாக் கொட்டுனோம், தண்ணி மேல வெள்ளையாக் கம்பளி விரிச்ச மாதிரி மூடிக்கும், புழு மூச்சு விட மேல வர முடியாது, கொசு முட்டை போட எறங்கவும் முடியாது. குடிக்கிற கிணத்துக்கு மூடி வர்ற வரைக்கும் கொசு ஒழிப்பு வேலைக்கு வர்ற மஸ்தூர் பொண்ணுங்க அபேட்ங்கற புழுக்கொல்லி மருந்த ஊத்துனாக. அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல போகாம இருந்தா குடிக்கிற தண்ணிக்கும் அனுமதிச்சது தான், ஆனாலும் வாடை அடிக்குதுன்னு சிலரு இவுக தலை மறஞ்சதும் வாளி வாளியா எறச்சுக் கொட்டிட்டாக. தொட்டி டிரம்முக்கெல்லாம் அதவிட லேசான வழி, வாரத்துல ஒருநாள் முழுசாக் காலி பண்ணி உள்சுவரத் தேங்காநாரு போட்டுத் தேச்சுக் காய வைக்கிறது. முட்டைல இருந்து கொசு பறக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதுக்குள்ள ஒருதடவை காஞ்சுட்டா சுத்து அறுந்துரும்.

பையனோட ரெண்டாவது சிகிச்சைக்கு இந்தத் தடவை மாத்திரையக் கையில எடுக்குறதுக்கு முன்னாடி காலண்டரை எடுத்தேன். 14 நாள்ல என்னைக்கெல்லாம் கடல், என்னைக்கெல்லாம் கரைன்னு அவனையே வட்டம் போடச் சொன்னேன். கடல் நாள்ல மொத வலை போட்டு முடிச்சதும் போட்டுலயே சோறு ஆக்கி மீன் கொழம்பு வச்சுச் சாப்புடுவாய்ங்களாம், காலை பத்து பத்தரை ஆகுமாம். சரி, கடல் நாள்ல அந்தச் சோத்துக்குப் பெறகு, கரை நாள்ல அம்மா குடுக்குற இட்லிக்குப் பெறகு. எந்த நேரம்ங்கறது முக்கியம் இல்ல, வயிறு ரொம்பிருக்கணும், நாள் தவறக் கூடாது. போட்டு டிரைவரையும் போயிப் பாத்தேன். மொறைப்பாத்தான் இருந்தாரு, "எங்களுக்கு இதான் வேலையா சார்"னாரு. இவனுக்குத் திரும்ப வந்தா ராத்திரி பக்கத்துல படுக்குற உங்களுக்கும் ஜெட்டிக் கொசு மூலமா வரலாம்ணேன்னு சொன்னதும் கொஞ்சம் யோசிச்சாரு. கடல் நாள் மாத்திரைய ஒரு சின்ன டப்பால போட்டு ஜி.பி.எஸ். பக்கத்துல வச்சுக்கிட்டாரு. அவர் முன்னாடி தான் போடணும், போட்டதும் வீல்ஹவுஸ் பலகைல சாக்பீஸ்ல ஒரு கோடு. ஒருநாள் அலைத்தண்ணி அடிச்சு கோடெல்லாம் அழிஞ்சுருச்சுன்னு மாத்திரைய எண்ணிப் பாத்து திரும்பப் போட்டாராம். 14 முடிஞ்ச அன்னைக்கு ஆளே எனக்குப் போன் அடிச்சு "உங்க பய கணக்கு முடிஞ்சுச்சு சார், ரிஜிஸ்டர்ல எழுதிக்கங்க"ன்னாரு. நக்கல் தான், ஆனா எழுதிக்கிட்டேன்.

ஒரு தனிப்பட்ட பையன் பாதில விட்டதுக்கு இவ்வளவு நீட்டி முழக்கணுமான்னு கேக்கலாம். நாடுகளே அதத்தான் பண்ணிருக்கு. இலங்கைல 1963-ல மொத்தமே 17 கேஸ், போயிருச்சுன்னு நெனச்சு கையத் தளர்த்துனாங்க, 1969-ல ஒரே வருசத்துல 5 லட்சத்துக்கு மேல. நம்ம நாட்டுல 1965 வாக்குல வருசத்துக்கு 1 லட்சம் கேஸ்னு எறங்கி வந்தது 1976-ல 64 லட்சத்தத் தாண்டுச்சு. இலங்கை மறுபடி முட்டி மோதி 2012 அக்டோபருக்குப் பெறகு உள்ளூர்ல ஒரு கேஸ் இல்லாம 2016 செப்டம்பர்ல மலேரியா இல்லாத நாடுன்னு சான்று வாங்குச்சு. சான்று வாங்குன அதே வருசக் கடைசில மன்னார் தீவுக் கிணறுகள்ல முதல் முறையா ஸ்டீபன்சி கொசு அகப்பட்டுச்சு. தனுஷ்கோடி முனைல நின்னா கடலுக்கு அங்கிட்டு இருக்குற ஊரு அது. நம்ம நாடு 2030-க்குள்ள மலேரியாவ ஒழிக்கிறதா இலக்கு வச்சுருக்கு, அது இந்த மாதிரி வாசல் வாசலாத்தான் நடக்கணும்.

தடுப்பூசி இல்லையா சார்னு அந்த வாசல்ல கேட்டாக. இருக்கு, 2021-லயும் 2023-லயும் ரெண்டு ஊசிய உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு பண்ணுச்சு, அதுல ஒண்ணு புனேல தான் தயாராகுது. ஆனா ரெண்டுமே ஃபால்சிபாரத்துக்கு, குழந்தைகளுக்கு. விவாக்ஸுக்கு இன்னும் மாத்திரையும் கிணத்து மூடியும் தான்.

ரெண்டு பேருக்கும் மாசா மாசம் ஸ்லைடு எடுத்துக்கிட்டே இருந்தேன், எதுலயும் கிருமி இல்ல. ஜனவரில நைலான் ஒரு ஓரம் கிழிஞ்சு போச்சு, பாப்பாவோட அப்பாவே ஊசி நூலு எடுத்து வலை பொத்துற மாதிரி பொத்திட்டாரு, அந்தத் தையலப் பாத்தா கடைல போட்ட மாதிரி இருந்துச்சு.

அடுத்த ஏப்ரல், தடைக்காலம் ஆரம்பிக்க நாலு நாள் இருக்கப்போ பையன் போன் பண்ணான். "அண்ணே, ஞாயித்துக்கிழமை மங்களூருக்கு டிக்கெட் போட்டாச்சு, எங்க செட்டுல எட்டுப் பேரு. கொசுவலை வாங்க பஜாருக்கு வந்துருக்கேன், ஒத்தை வலையா டபுளா, எது போட்டு மேல்தட்டுல கட்டத் தோதா இருக்கும்?" ஒத்தை வலை எட்டு வாங்குடா, திரும்பி வந்ததும் எட்டுப் பேரும் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி எங்கிட்ட வந்து விரலைக் காட்டிட்டுப் போங்கன்னேன். ஜூன் 2-ஆம் தேதி வந்தாய்ங்க, ஏழு பேரு. எட்டாவது ஆளு ராமநாதபுரத்துலயே எறங்கி மாமியார் வீட்டுக்குப் போயிட்டானாம், அவன் நம்பரை வாங்கி அந்த ஏரியா இன்ஸ்பெக்டருக்கு அனுப்பிட்டேன்.